பழைய பிக்கப்பின் ஆறு சிலிண்டருக்கு எந்தக் கார்புரேட்டர்?

1950களின் செவ்ரோலெட் பிக்கப் ஒன்றின் பானட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எஞ்சினின் நீளம். ஆறு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். அந்த நீளத்துக்குப் பக்கவாட்டில், நட்டநடுவே, ஒரே ஒரு சின்னக் கார்புரேட்டர். எஞ்சினின் அளவு 235 கன அங்குலம், அதாவது சுமார் 3.9 லிட்டர். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இந்த ஒற்றைத் துளை எப்படிப் போதும், பெரிதாக ஒன்றை மாட்டினால் வண்டி இன்னும் நன்றாக இழுக்காதா என்று யாருக்கும் தோன்றும்.

தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் இந்த எஞ்சினில் கார்புரேட்டரை மாற்றுவதால் கிடைக்கும் நன்மையில் பெரிய பங்கு அதிகக் காற்றால் வருவதில்லை. ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை போய்ச் சேருவதால்தான் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் அடிப்படை. கார்புரேட்டர் பெட்ரோலை எஞ்சினுக்குள் தள்ளுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று கார்புரேட்டர் வழியாக உள்ளே பாய்கிறது. கார்புரேட்டரின் தொண்டை ஓரிடத்தில் குறுகும். அதற்கு வென்சுரி என்று பெயர். குறுகலில் காற்றின் வேகம் கூடும், வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் இறங்கும். பக்கத்தில் மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் மேல் இருப்பதோ சாதாரண வெளிக்காற்றின் அழுத்தம். இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் என்ற சின்னத் துவாரம் வழியாகத் தொண்டைக்குள் ஏற்றி, காற்றோடு தூவிவிடுகிறது.

ஆக, கார்புரேட்டருக்கு எஞ்சின் எவ்வளவு பெரியது என்று தெரியாது. தன் தொண்டையில் காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது மட்டும்தான் தெரியும். அதிலும் ஒரு முக்கியமான கணக்கு உண்டு. காற்றின் வேகம் பாதியானால் பெட்ரோலை இழுக்கும் விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. பெரிய கார்புரேட்டரை மாட்டியவர்கள் "ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி தடுமாறி அப்புறம்தான் கிளம்புகிறது" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தொண்டை அகலமானதால் காற்று மெதுவாகப் போகிறது, மெயின் ஜெட் வேலையைத் தொடங்கவே தாமதமாகிறது.

இந்தத் தடுமாற்றத்தை மறைக்கத்தான் ஆக்சிலேட்டர் பம்ப் என்ற ஒன்று உண்டு. பெடலை மிதித்தவுடன் ஒரு பீச்சு பெட்ரோலை நேராகத் தொண்டைக்குள் அடிக்கும். அதுபோக வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலிங்குக்குத் தனி வழி, முழு பாரத்தில் கூடுதல் பெட்ரோல் கொடுக்கத் தனி வழி. பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும் ஒரு கார்புரேட்டருக்குள் நான்கைந்து கார்புரேட்டர்களின் வேலை நடக்கிறது.

சரி, இந்த எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்? கணக்கு எளிது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழு அளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் 2000 முறை. 3.86 லிட்டரை 2000ஆல் பெருக்கினால் 7720 லிட்டர். எந்தச் சாதாரண எஞ்சினும் முழுசாக நிரம்புவதில்லை. இந்தக் காலத்து எஞ்சினுக்கு முக்கால் பங்கு என்று வைத்தால் நிமிடத்துக்கு 5800 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கார்புரேட்டர்களை அமெரிக்காவில் கன அடியில் அளப்பார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்படிப் பார்த்தால் சுமார் 205 கன அடி.

இதுவும் 4000 சுற்றில், பெடலைத் தரையோடு மிதித்தால்தான். பாரம் ஏற்றிக்கொண்டு 2000 சுற்றுக்கும் 2500 சுற்றுக்கும் இடையில் ஓடும் பிக்கப்புக்கு இதில் பாதிதான் தேவைப்படும். இந்த இடத்தில் 600 கன அடி, 750 கன அடி என்று எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினுக்கு விற்கும் நான்கு துளைக் (அதாவது நான்கு தொண்டை கொண்ட) கார்புரேட்டரை மாட்டுவது காசைக் கொடுத்து வண்டியைக் கெடுப்பது. நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

எண்களை ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. ஒற்றைத் துளை, இரட்டைத் துளைக் கார்புரேட்டர்களை 3 அங்குலப் பாதரச அழுத்த வித்தியாசத்தில் அளப்பது வழக்கம். நான்கு துளை வகையை அதில் பாதி, 1.5 அங்குலத்தில் அளப்பார்கள். அதனால் 350 கன அடி என்று போட்ட இரட்டைத் துளையும் 350 கன அடி என்று போட்ட நான்கு துளையும் ஒன்றல்ல. இரட்டைத் துளையின் எண்ணை 1.41ஆல் வகுத்தால்தான் நான்கு துளையின் கணக்குக்கு வரும். 350 என்பது 250 அளவுக்கு இறங்கிவிடும். கடையில் பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கணக்கையே நம்ப வேண்டாம், வண்டியிடமே கேட்கலாம். அழுத்தக் குறைவை அளக்கும் வாக்குவம் கேஜ் ஒன்றை, கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்து, நீளமான ட்யூப் வைத்து, ஓட்டும்போது பார்க்கிற மாதிரி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஆளில்லாத ஏற்றம் ஒன்றில் பெடலை முழுதும் மிதித்து, எஞ்சினை மேல் சுற்றுக்குக் கொண்டுபோங்கள். முள் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் கார்புரேட்டர் எதையும் தடுக்கவில்லை. பெரிசாக்கி ஒரு பயனும் இல்லை. சுற்று ஏற ஏற முள் 2, 3 அங்குலம் என்று ஏறினால், எஞ்சின் கேட்கிறது, கார்புரேட்டரால் கொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்து வேலை, பதில் தெளிவாகக் கிடைக்கும்.

தொழிற்சாலையே செய்து காட்டிய மேம்பாடு

1953இல் செவ்ரோலெட் தன் முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்குள் வி8 இல்லை. இருந்தது இதே 235 ஆறு சிலிண்டர் எஞ்சின். ஒன்றுக்குப் பதிலாக மூன்று கார்புரேட்டர். கார்ட்டர் நிறுவனத்தின் ஒய்.எச். வகை, காற்று மேலிருந்து இறங்காமல் பக்கவாட்டில் நுழையும். கார்வெட்டின் பானட் தாழ்வானது, நிமிர்ந்து நிற்கும் கார்புரேட்டருக்கு அங்கே இடம் கிடையாது. அந்த வருஷம் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர் வைத்த செவ்ரோலெட் காரில் இந்த எஞ்சின் கொடுத்தது 115 குதிரைத்திறன். கார்வெட்டில் 150.

35 குதிரைத்திறன் கூடியதைப் பார்த்து "மூன்று கார்புரேட்டர் போட்டால் போதும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கார்வெட்டில் கேம்ஷாஃப்ட் வேறு, வால்வுகளை அதிகம் தூக்கும் வகை. அமுக்க விகிதத்தை 8:1க்கு ஏற்றியிருந்தார்கள். புகை வெளியேற இரண்டு தனிப் பாதைகள். உள்ளே வரும் வழி, உள்ளே நடக்கும் வேலை, வெளியே போகும் வழி மூன்றும் சேர்ந்து மாறியதால்தான் அந்த எண் வந்தது.

மூன்று கார்புரேட்டர் என்ற எண்ணிக்கையும் சும்மா வந்ததல்ல. இந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் காற்று நுழையும் துளைகள் ஆறு இல்லை, மூன்றுதான். 1, 2 சிலிண்டருக்கு ஒன்று, 3, 4க்கு ஒன்று, 5, 6க்கு ஒன்று. ஒவ்வொரு துளைக்கும் நேராக ஒரு கார்புரேட்டர்.

இப்போது பிக்கப்பின் ஒற்றைக் கார்புரேட்டருக்கு வருவோம். நடுவில் நிற்கும் அதிலிருந்து கிளம்பும் கலவை, நடுத் துளைக்குச் சட்டென்று போய்ச் சேரும். ஓரத்துத் துளைகளுக்கு நீண்ட இரும்புக் குழாய் வழியாகப் போக வேண்டும். காற்று எளிதில் திரும்பிவிடும். பெட்ரோல் துளிகள் கனமானவை, வளைவுகளில் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். கால்வாயில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கடைமடை வயலுக்குக் குறைவாகவே போய்ச் சேருவது போல, 1ஆம் சிலிண்டருக்கும் 6ஆம் சிலிண்டருக்கும் பெட்ரோல் பெரும்பாலும் குறைவாகத்தான் போகும். அவை அடி வாங்காமல் இருக்க ஜெட்டைச் சற்றுப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கிறது. அப்போது நடுச் சிலிண்டர்கள் தேவைக்கு மேல் குடிக்கும். மைலேஜும் போச்சு, சக்தியும் முழுசாக வரவில்லை.

நீண்ட காலமாக இந்த எஞ்சின்காரர்கள் விரும்பிச் செய்யும் மேம்பாடு இரண்டு ஒற்றைத் துளைக் கார்புரேட்டர்களைப் பொருத்துவது. அதன் நியாயம் இதுதான். ஆஃபன்ஹவுசர், ஃபென்டன் போன்ற பெயர்களில் இதற்கென்றே அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டுகள் உண்டு. கார்புரேட்டர்கள் ஓரங்களை நோக்கி நகர்வதால் கலவை ஓட வேண்டிய தூரம் குறைகிறது, ஆறு சிலிண்டருக்கும் பங்கு கிட்டத்தட்ட ஒன்றாகிறது. ஐடிலிங் மெத்தென்று ஆகும், கியர் மாற்றி இழுக்கும்போது எஞ்சின் கரகரக்காமல் கிளம்பும். ஓட்டுகிறவருக்கு உச்ச வேகத்தைவிட இதுதான் நாள்தோறும் தெரியும்.

ஃபோர்டு பக்கம் 1965 முதல் 1996 வரை வந்த 300 கன அங்குல, 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் இதிலிருந்து வேறுபடும். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி நுழைவுத் துளை. கொஞ்சம் பெரிய எஞ்சினும்கூட. அதனால் சரியான மேனிஃபோல்டோடு 390 கன அடி நான்கு துளை ஹோலி கார்புரேட்டர் அதற்குப் பொருந்தும். அது முதலில் இரண்டு துளைகளை மட்டும் திறந்து, தேவை வந்தால்தான் மற்ற இரண்டையும் வாக்குவத்தால் திறக்கும். மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறையாது.

வெபர் 32/36 என்ற இரட்டைத் துளைக் கார்புரேட்டரும் இந்த மாதிரிதான்: 32 மில்லிமீட்டர் துளை முதலில், 36 பின்னால். அதை அடாப்டர் தட்டு வைத்துப் பழைய ஒற்றைத் துளை மேனிஃபோல்டின் மேலேயே பொருத்துகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டார்ட்டிங் சுலபமாகும், பாகங்கள் எளிதில் கிடைக்கும். ஆனால் அடியில் மேனிஃபோல்டின் வாய் அதே பழைய சின்ன வாய்தான், பங்கீடும் அதே பழைய பங்கீடுதான். இன்னொன்று, வெபருக்கு 3 பி.எஸ்.ஐ. அளவு பெட்ரோல் அழுத்தம் போதும். பழைய மெக்கானிக்கல் பம்ப் அதைவிடக் கூடத் தள்ளினால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஊசி வால்வு மூடாமல் கிண்ணம் வழியும். நடுவில் ஒரு பிரஷர் ரெகுலேட்டர் வைத்துவிடுவது நல்லது.

வாங்குவதற்கு முன்

பழையதை ஒருமுறை ஒழுங்காகப் பிரித்து மாட்டிப் பாருங்கள். இந்தச் செவ்ரோலெட்களில் பெரும்பாலும் இருக்கும் ரோச்செஸ்டர் பி வகைக் கார்புரேட்டரில் ஒரு குறை அடிக்கடி வரும். மேல் மூடி வளைந்துவிடும். யாரோ எப்போதோ கசிவை நிறுத்துவதற்காகத் திருகுகளை இறுக்கு இறுக்கென்று இறுக்கியிருப்பார்கள். மூடியைக் கழற்றி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடித் தட்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஒரு மூலையை விரலால் அழுத்தினால் எதிர் மூலை தூக்கிக்கொண்டு ஆடும். முழு பாரத்தில் கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிடும் பவர் பிஸ்டனுக்கான வாக்குவப் பாதை இந்த மூடிக்குள்தான் போகிறது. மூடி வளைந்து அங்கே காற்றுக் கசிந்தால் பவர் பிஸ்டன் கீழேயே கிடக்கும். எஞ்சின் முழு பாரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சும்மா நிற்கும்போதும் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். கறுப்புப் புகை, கறுத்த ப்ளக், குறைந்த மைலேஜ். "இந்தக் கார்புரேட்டர் உதவாது" என்று கழற்றிப் போடுகிறவர்களில் பலர் கழற்றியது இப்படி வளைந்த ஒரு மூடியைத்தான்.

பெடலை மிதித்தால் காற்றுக்கு வழி திறக்கும் த்ராட்டில் தகட்டின் தண்டையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல பத்தாண்டு தேய்மானத்தில் அது தன் துளைக்குள் தளர்ந்திருக்கும், அந்த இடுக்கில் காற்று நுழையும், ஐடிலிங் ஏறி இறங்கும். புது புஷ் போட்டால் தீரும். பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தால் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அதைத் தாங்கும் பாகமாக வாங்குங்கள். ரிப்பேர் கிட்டின் விலை புதுக் கார்புரேட்டரின் விலையில் சின்னப் பங்கு.

அடுத்தது இக்னிஷன். செவ்ரோலெட்டில் பெரிய சிக்கல் இல்லை, புதுக் கார்புரேட்டரில், ப்ளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கான வாக்குவ முனை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 1950களிலும் 60களின் முற்பாதியிலும் வந்த பல ஃபோர்டு ஆறு சிலிண்டர்களில்தான் எச்சரிக்கை வேண்டும். அவற்றில் லோட்-ஓ-மேட்டிக் என்ற டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். மற்ற டிஸ்ட்ரிபியூட்டர்களில் சுற்று கூடும்போது எடைகள் விரிந்து தீப்பொறியை முன்னே தள்ளும். இதில் அந்த எடைகளே இல்லை, முழுக்க முழுக்கக் கார்புரேட்டர் அனுப்பும் வாக்குவத்தை நம்பியே வேலை செய்யும். கார்புரேட்டரை மட்டும் மாற்றினால் அந்தச் சமிக்ஞை போய்விடும். தீப்பொறி பிந்தும், எஞ்சின் சூடாகும், இழுவை இருந்ததைவிடக் குறையும். இந்த வண்டிகளில் கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் சூடு. இந்த எஞ்சின்களில் காற்று நுழைவதும் புகை போவதும் ஒரே பக்கம். இன்டேக் மேனிஃபோல்டின் வயிற்றுக்கு அடியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஒட்டி நின்று அதைச் சூடாக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள உலோகத்தின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் இந்தச் சூடு அவசியம். அழகுக்கும் சத்தத்துக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாக ஹெடர் என்ற குழாய்களை மாட்டுகிறவர்கள் இந்தச் சூட்டைத் துண்டித்துவிடுகிறார்கள். ஈரப்பதமான குளிர்காலைகளில், வெளியே உறைநிலைக்கு மேலே இருந்தாலும், த்ராட்டிலைச் சுற்றிப் பனி கட்டி எஞ்சின் அணைந்துபோகும். ரேடியேட்டர் வெந்நீரை மேனிஃபோல்டின் அடியில் ஓடவிடும் தட்டு ஒன்றைச் சேர்த்தால் இது தீரும்.

எக்ஸாஸ்டைப் பிரிப்பதில் உண்மையான பயனும் உண்டு. தீப்பொறி வரிசை 1-5-3-6-2-4. இதில் முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். முன் மூன்றுக்கு ஒரு குழாய், பின் மூன்றுக்கு ஒரு குழாய் என்று பிரித்தால் ஒவ்வொரு குழாயிலும் சீரான இடைவெளியில் புகைத்துடிப்பு போகும், ஒன்றை ஒன்று மறிக்காது. பழைய செவ்ரோலெட் ஆறுகளில் பலர் ஆசைப்படும் அந்தச் சத்தம் இப்படித்தான் வருகிறது.

இரண்டையும் ஒத்துப்போக வைப்பது

இரட்டைக் கார்புரேட்டர் மாட்டியதும் ஓட்டக் கூடாது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று யூனி-சின் என்ற கருவி இருக்கிறது: கார்புரேட்டரின் வாயில் வைத்தால் கண்ணாடிக் குழாயில் ஒரு மிதவை ஏறும், இரண்டிலும் ஒரே கோட்டுக்கு வர வேண்டும். கருவி இல்லாவிட்டால் அரை மீட்டர் ரப்பர் ட்யூப் போதும். ஒரு முனை காதில், மறு முனை கார்புரேட்டரின் வாயில். ஐடிலிங்கில் ஒரு சீறல் கேட்கும். அதிகம் இழுப்பது உரக்கச் சீறும். இரண்டையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்திவிட்டு, ஐடில் திருகுகளைத் திருகி இரண்டு சீறலையும் ஒன்றாக்குங்கள். ஃபேன் பெல்ட்டில் சட்டைக் கையோ ட்யூபோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பு கம்பியை எந்த இழுப்பும் இல்லாமல் மாட்டி, சற்றே பெடலைத் திறந்து மறுபடி கேளுங்கள். ஐடிலில் ஒத்துப்போய், திறந்ததும் பிசகினால் கோளாறு கம்பியில் இருக்கிறது.

ஜெட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். காற்று இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொரு கார்புரேட்டரும் உணரும் இழுப்பு குறையும், அதே நேரம் பம்ப் இரண்டும் சேர்ந்து இரட்டிப்பாகப் பீச்சும். ஒரே எஞ்சினில் ஒரே மாதிரிக் கார்புரேட்டர் இரண்டு வைத்தாலும் பழைய ஜெட் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. மிதித்தவுடன் கறுப்புப் புகையோடு திணறினால் பம்பின் வீச்சைக் குறையுங்கள். புகையில்லாமல் வெறுமனே தொங்கினால் பெட்ரோல் குறைவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

இந்த வேலை நெடுக ஒரு தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலேதான் கார்புரேட்டர்கள் நிற்கின்றன. ஒரு கிண்ணம் வழிந்தால் பெட்ரோல் விழுவது அதன் மேல்தான். முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு எல்லா இணைப்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

கடைசியாக, பாரத்தோடு நல்ல தூரம் ஓட்டிவிட்டு ஆறு ப்ளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படியே ஒரு பலகையில் அடுக்குங்கள். 1ஐயும் 6ஐயும் நடுவிலுள்ள 3, 4உடன் ஒப்பிடுங்கள். ஒற்றைக் கார்புரேட்டர் காலத்தில் எடுத்து வைத்த பழைய ப்ளக்குகள் இருந்தால் அவற்றையும் பக்கத்தில் வையுங்கள். ஆறும் ஒரே வெளிர் பழுப்பில் இருந்தால் பங்கீடு சரி, இனி ஜெட்டைத் தொட வேண்டாம். முன் மூன்று ஒரு நிறம், பின் மூன்று ஒரு நிறம் என்றால் ட்யூபை எடுத்துக்கொண்டு மறுபடி சீறலைக் கேட்கப் போங்கள். ஆறும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் மட்டும், இரண்டு கார்புரேட்டரிலும் ஜெட்டை ஒரு அளவு ஏற்றுங்கள்.